சொல்லும் எதிரொலியும்: மெல்லிசை மேடை பற்றிய ஒரு நோக்கு

மேடையிசையில் பாடகரின் குரலை மாற்றும் மின்னியற் கருவிகள் புகுந்தமை பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. அவை குரலின் குறையை மறைக்கும் பூச்சு என்பர் ஒரு சாரார். காலத்துக்கேற்ற வளர்ச்சி என்பர் மறு சாரார். இரு சாராரும் கருவி வேண்டுமா, வேண்டாமா என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றனர். அது பாட்டின் எவ்விடத்திற் புகவேண்டும், எவ்விடத்தில் விலகவேண்டும் என்பதே திறனாய்வுக்குரிய வினாவாகும். இவ்வினாவுக்குக் கண்டியின் அயலிலுள்ள பேராதனை கண்ட அரங்க மரபே தக்க விடையொன்றைத் தருகின்றது.

எதிரொலிக் கருவியின் இயக்கம் எளியது. பழைய கருவிகளில் ஒரு காந்தத் தலை பாடகரின் குரலை ஒலிநாடாவிற் பதியும். அடுத்துள்ள தலைகள் அதனைச் சற்றுத் தாமதித்து மீட்டொலிக்கும். றோலண்ட் நிறுவனம் 1974இல் வெளியிட்ட ஆர்.ஈ.201 இவ்வகையிற் புகழ்பெற்றது. இன்று அதே வேலையை, காலால் அழுத்தி இயக்கத்தக்க சிறு பெட்டியொன்று நாடாவின்றியே செய்கின்றது. குரலுக்கு மண்டபத்தின் முழக்கத்தை ஊட்டுவதும், ஒரு குரலைப் பல குரல்களாகப் பெருக்குவதும் அப்பெட்டிக்கு இயலும்.

இவ்வசதி தமிழ்ப் பாட்டிற் புகும்போது மொழியின் இயல்பு கருத்திற் கொள்ளப்படல் வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனத் தொல்காப்பியம் வகுத்தது. இவ்வளவு வேறுபாட்டிலேயே தமிழிற் பொருள் தங்கியுள்ளது. 'மலை' என்பதற்கும் 'மாலை' என்பதற்கும் இடைப்பட்டது ஒரு மாத்திரையே. முழக்கம் மிகும்போது முன்னெழுந்த உயிரொலி நீண்டு, பின்வரும் மெய்யை மூடிவிடுகின்றது. லகர, ளகர, ழகர வேறுபாடுகள் மங்குகின்றன. கேட்போர் இராகத்தை அறிவர், சொல்லை அறியார்.

இடமும் இவ்வாறே நோக்குதற்குரியது. சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் உடைய மண்டபம் தானே முழங்குவது. அங்கு கருவியின் முழக்கத்தையும் சேர்ப்பது எதிரொலிக்கு மேல் எதிரொலி ஏற்றுவதாகும். எதிரிவீர சரச்சந்திரவின் 'சிங்கபாகு' 1961இல் அரங்கேறிய பேராதனைத் திறந்தவெளி அரங்கு போன்ற இடங்களின் நிலை வேறு. அங்கு ஒலியைத் திருப்பியனுப்பக் கூரையில்லை. குரல் வறண்டு ஒலிக்கும். அத்தகைய வெளியிற் சிறிதளவு முழக்கம் குரலுக்கு வளமூட்டும். ஆகவே ஓரிடத்திற்கு அமைத்த அளவை மற்றோரிடத்திற்கும் அப்படியே கொண்டு செல்வது பொருந்தாது.

இனி, கூத்து மரபு காட்டும் நெறியை நோக்கலாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' முதலான கூத்துகளை மேடையேற்றினார். கூத்தில் ஆடுபவர் ஓரடியைத் தனித்துப் பாடுவார். அதன்பின் பிற்பாட்டுக்காரர் அவ்வடியை எடுத்துத் திருப்பிப் பாடுவர். ஆடுபவருக்கு மூச்சு வாங்க இடமளிப்பது இதன் ஒரு பயன். தனிக்குரலாற் சொல் விளங்கிய பின்னரே பல குரலால் ஒலி பெருகுவது இதன் மற்றொரு பயன். ஒலிச்செறிவு வருவதும் நீங்குவதும் இங்கு முறைமைப்பட்டவை. விளங்காத சொல்லின்மீது பிற்பாட்டு ஏறுவதில்லை.

மின்கருவிக்கும் இந்நெறியே பொருந்தும். பல்லவியின் முதலடி இயல்பான குரலில் வரட்டும். அது மீளும்போது எதிரொலி சேரலாம். அடியீற்றில் நீளும் ஓசைக்கு எதிரொலி அழகு செய்யும். சொற்செறிந்த சரணத்தில் அது விலகவேண்டும். தாமத அளவும் தாளத்தோடு இயையவேண்டும். நிமிடத்திற்கு 90 தட்டு நடையுள்ள பாட்டில் அரைத் தட்டு ஏறத்தாழ ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்காகும். இவ்வளவிற் பிறழ்ந்த எதிரொலி தாளத்தையே குலைக்கும். ஒரு குரலைப் பலவாக்கும் வசதி கமகம் நிறைந்த இடங்களுக்கு ஏற்றதன்று. நிலையான சுரங்களுக்கு அது துணைசெய்யும். வளைந்து அசையும் சுரத்தைத் தவறாகத் தொடர்ந்து இராகத்தின் உருவைக் கெடுக்கும்.

விலக்கும் முறையிலும் நுட்பமுண்டு. கருவியின் வெளியீட்டைத் திடீரென நிறுத்தினால், ஒலித்துக்கொண்டிருக்கும் எதிரொலி கத்தரித்தாற்போல அறுந்துவிடும். அதனுட் செல்லும் குரலை மட்டும் நிறுத்தினால், முன்சென்ற ஒலி இயல்பாகத் தேய்ந்து அடங்கும். அடுத்த சொல் தெளிவாக எழும். பாட்டு முடிந்தபின்னும் கருவி விலகாதிருக்க, பாடகர் கூறும் நன்றியுரை குகைக்குள்ளிருந்து வருவதுபோல் இருமுறை மும்முறை ஒலிப்பது மேடைகளிற் காணப்படும் பெருங்குறை. பேச்சுக்கும் பாட்டுக்கும் உள்ள எல்லையையே அது அழித்துவிடுகின்றது.

இதனை இயக்க வேண்டியவர் யார்? பாடகருக்குத் தம் மூச்சின் எல்லை தெரியும்; ஒலியமைப்பாளருக்கு அவையோரின் செவியில் விழுவது தெரியும். ஒத்திகையில் இருவரும் பாட்டை அடியடியாகப் பிரித்து, எங்கு சேர்ப்பது, எங்கு விலக்குவது என முன்னரே வகுத்துக்கொள்ளல் நலம். கூத்தில் அண்ணாவியார் ஆற்றும் பணி இதுவே. பாட்டின் பொருளறியாதவர் கையில் இப்பொறுப்பை விட்டுவிடுவது, கூத்தறியாதவரைப் பிற்பாட்டுக்கு நிறுத்துவதற்கு ஒப்பானது.

இஃது இரசனை பற்றிய சிறு குறை மட்டுமன்று. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நிறைவு 2023இல் நினைவுகூரப்பட்டது. தோட்ட மக்களின் உழைப்பும் இழப்பும் நெடுங்காலம் எழுத்திலன்றிப் பாட்டிலேயே பதிந்திருந்தன; சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்த பாடல்கள் இதற்குச் சான்று. அப்பாடல்கள் கண்டி மேடையொன்றில் முழங்கும்போது சொற்கள் கரைந்து போகுமாயின், அவற்றைப் பாடியதன் பயன் யாது? குரலை அழகுபடுத்தும் உரிமை பாடகருக்குண்டு. சொல் சென்று சேர்ந்தபின் அவ்வழகு வரட்டும். அடுத்த சொல் பிறக்குமுன் அது வழிவிட்டு நிற்கட்டும்.