பதில் எழுதாத முதலாளி

நைக்கியைத் தொடங்கிய ஃபில் நைட்டின் ‘ஷூ டாக்’ (2016) தன்வரலாற்றை இரண்டு முறை வாசித்திருக்கிறேன். முதல் முறை 2019 தொடக்கத்தில். ஸ்கூடாயில் பொறியியல் முடித்துவிட்டு, கூடப் படித்த நண்பனோடு ஷா ஆலாமில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப் ஆரம்பித்திருந்த நேரம். பிள்ளை ஏறிய பள்ளி வேன் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பெற்றோர் கைப்பேசியில் பார்க்கும் செயலி எங்களுடையது. மஞ்சள் மார்க்கரோடு வாசித்தேன். இரண்டாம் முறை போன வருடம். நிறுவனம் மூடி நான்கு வருடம் ஆகியிருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். முன்பு கோடு போட்டிருந்த இடங்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. துணிச்சல், ஓட்டம், நிறுத்தாமல் போவது, எல்லாம் அந்த மாதிரி வரிகள். பணத்தைப் பற்றி ஒரு வரியில்கூடக் கோடு இல்லை. ஆனால் இந்தப் புத்தகத்தில் பெரும்பகுதி பணத்தைப் பற்றித்தான் இருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல புத்தகம். வெற்றி பெற்ற முதலாளிகள் எழுதும் நூல்களில் அத்தியாயத்துக்கு ஒரு பாடம் இருக்கும். இதில் ஆண்டுகள்தான் அத்தியாயத் தலைப்புகள்: 1962 முதல் 1980 வரை. அப்பாவிடம் 50 டாலர் வாங்கி ஜப்பானியக் காலணிகளின் மாதிரிகளுக்குக் காத்திருக்கிற இளைஞன், கணக்காளர் வேலையையும் பிறகு கல்லூரியில் கற்பிக்கும் வேலையையும் பார்த்துக்கொண்டே பல வருடம் தொழிலை ஓட்டுகிறான். விற்பனை வருடத்துக்கு வருடம் இரட்டிப்பாகிறது. கையில் மட்டும் காசு இல்லை. ஏன் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன நூலை நான் வேறு பார்க்கவில்லை. சரக்குக்கு முதலில் பணம் கட்ட வேண்டும், விற்ற பணம் மாதங்கள் கழித்துத்தான் வரும். விற்பனை இரட்டிப்பானால் அடுத்த ஆர்டர் இரட்டிப்பு, அதற்கான கடனும் இரட்டிப்பு. வளர்ச்சியே கழுத்தைப் பிடிக்கும். வங்கிக்காரர் மெதுவாகப் போ என்கிறார், நைட் இன்னும் பெரிய ஆர்டர் போடுகிறார்.

எங்களுடையது 41 வேன்களைத் தாண்டாத தொழில். ஆனாலும் கணக்கு இதேதான். சர்வர் கட்டணம் அமெரிக்க டாலரில், தவறாமல் அட்டையிலிருந்து கழியும். ஊழியருக்கான இ.பி.எஃப்., சொக்சோ இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வேன்காரர் ‘அடுத்த மாசம் பாப்போம்லா தம்பி’ என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் பெற்றோர் பாக்கி.

1975ஆம் ஆண்டு அத்தியாயம்தான் நூலின் உச்சம். நிஷோ என்ற ஜப்பானிய வணிக நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய பத்து லட்சம் டாலருக்காக நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளையும் வழித்தெடுக்கிறார்கள். எக்ஸிடர் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த சம்பளக் காசோலைகள் திரும்புகின்றன. வங்கி நைட்டைக் கைகழுவியதோடு எஃப்.பி.ஐ.க்கும் தகவல் சொல்கிறது. அட்டைப்பெட்டி செய்து தருகிற ஒருவரிடம் ரொக்கமாகக் கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்கிறார்கள். கடைசியில் நிஷோவின் இட்டோ வந்து கணக்கைப் பார்த்து, வங்கிக் கடன் முழுவதையும் தானே அடைத்து நிறுவனத்தைக் காப்பாற்றுகிறார். அதற்கு முன் ஒரு விஷயம் வெளியே வருகிறது. நிஷோவின் ஊழியர் சுமெராகி, நைட்டுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கட்டும் என்று சில இன்வாய்ஸ்களைத் தன் மேலதிகாரிகளுக்குக் காட்டாமல் மறைத்து வைத்திருக்கிறார்.

நைட் இதை நன்றியோடும் அன்போடும் எழுதுகிறார். வாசிக்கும்போது நமக்கும் சுமெராகியைப் பிடித்துவிடுகிறது. அதேபோல 1962இல் கோபேயில், இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரை அந்த நேரத்தில் யோசித்துச் சொன்னதும் நமக்குச் சுட்டித்தனமாகத்தான் படுகிறது. தெரனோஸ் நிறுவனத்தின் எலிசபெத் ஹோம்ஸ் சொன்ன பொய்களுக்கு 2022இல் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் சிறை. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. நைட்டின் காலணி உண்மையாகவே வந்தது, ஹோம்ஸின் இரத்தப் பரிசோதனை இயந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை, அதை நம்பி நோயாளிகளும் இருந்தார்கள். ஆனால் சுமெராகி இன்வாய்ஸை மறைத்த அன்று, அந்தக் கதை எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது. 2016இல் எழுதுகிற நைட்டுக்குத் தெரியும். வாசிக்கிற நமக்கும் காலில் போட்டிருப்பதைப் பார்த்தாலே தெரியும். இந்த நூலின் நேர்மை எல்லாம் முடிவு தெரிந்த பிறகு வந்த நேர்மை. பயந்தேன், கடன்பட்டேன், பொய் சொன்னேன் என்று ஜெயித்தவர் சொன்னால் அது தைரியம். எங்களைப் போன்றவர்கள் சொன்னால் போலீஸ் புகார்.

ஜெஃப் ஜான்சனிடம் வருகிறேன். நைக்கியின் முதல் முழுநேர ஊழியர். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் தனியாளாக விற்கிறார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு அட்டை போட்டுக் கால் அளவு உட்பட எல்லாம் குறித்து வைக்கிறார். ‘நைக்கி’ என்ற பெயர்கூட அவர் கனவில் வந்ததுதான். அவர் நைட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார். யோசனைகள், புகார்கள், கேள்விகள், ஒரு நல்ல வார்த்தைக்கான கெஞ்சல். நைட் பதில் எழுதுவதே இல்லை. இதை ஒரு நகைச்சுவைச் சரடாகவே நூல் முழுக்கக் கொண்டுபோகிறார். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, எப்படி என்பதை ஆட்களிடமே விட்டுவிடுவது தன் பாணி என்று ஒரு விளக்கமும் உண்டு. முதல் வாசிப்பில் இந்த இடங்களில் எல்லாம் சிரித்தேன். நண்பனுக்குப் படம் எடுத்து அனுப்பியதும் ஞாபகம் இருக்கிறது.

எங்களுக்கு ஒரே ஒரு ஊழியர். எங்களைவிட இரண்டு வயது மூத்தவர், கல்யாணமானவர். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடின, வேன்கள் நின்றன. நாங்கள் மூடியதற்குக் காரணம் அதுதான் என்று எல்லாரிடமும் சொன்னோம், யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. இதுவரை எழுத்தில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்: நவம்பரிலிருந்தே எங்களிடம் பணம் இல்லை. பிப்ரவரிச் சம்பளத்தில் பாதிதான் கொடுத்திருந்தோம். கொரோனா எங்களுக்குக் கௌரவமான ஒரு சாக்கு கொடுத்தது. மார்ச், ஏப்ரல் முழுக்க அவர் வாட்ஸ்அப் அனுப்பினார். முதலில் வேலை பற்றி, யோசனைகள்கூட. பிறகு ‘ப்ரோ, சம்பளம் எப்ப கெடைக்கும்னு மட்டும் சொல்லுங்க’. நான் பார்த்தேன். நீல டிக் விழுந்தது. பதில் போடவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பதில் எழுதினால் நான் தோற்றுவிட்டது எழுத்தில் இருக்கும். அந்தப் பயம்தான். பாக்கிச் சம்பளத்தை 2022இல்தான் கொடுத்து முடித்தேன். ‘ஓகே ப்ரோ’ என்று ஒரு பதில் வந்தது.

இரண்டாம் வாசிப்பில் ஜான்சனின் கடிதம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் தொடர முடிந்தது.

இன்னொருவர் பாப் வுடெல். விபத்தில் நடக்க முடியாமல்போன இளம் விளையாட்டு வீரர், நிறுவனத்தின் தூண்களில் ஒருவர். பணமுடை வந்தபோது வசதி இல்லாத அவருடைய பெற்றோர் சேமிப்பிலிருந்து 8,000 டாலர் எடுத்துக் கொடுக்கிறார்கள். பின்னால் அது பங்காகி, 1980இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது பல மடங்காகிறது. நெகிழ்ச்சியான இடம்தான். ஆனால் அந்தத் தம்பதி இடைப்பட்ட வருடங்களை எப்படிக் கழித்தார்கள் என்று நூலுக்குள் போய்ப் பார்க்க வழி இல்லை. என் அம்மா கூட்டு எடுத்து 12,000 வெள்ளி கொடுத்தார். மாதாமாதம் கூட்டுக் கட்டும் தேதியில் அவர் வீட்டில் சத்தம் குறைவாகப் பேசுவார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. நிறுவனர் எழுதும் எந்தப் புத்தகத்திலும் அந்தக் குறைந்த சத்தம் வராது, ஏனென்றால் அந்த நேரத்தில் நிறுவனர் அறைக்குள் மடிக்கணினியோடு இருப்பார்.

1980இல் கதையை முடித்ததிலும் ஒரு வசதி இருக்கிறது. 1990களில் ஆசியத் தொழிற்சாலைகளின் நிலை பற்றி எழுந்த கண்டனங்களுக்குக் கடைசி அத்தியாயத்தில் சில பக்கங்கள் மட்டுமே. அதிலும் தற்காப்புத்தான் அதிகம். 2008இல் இங்கே மலேசியாவில் நைக்கிக்குச் சட்டை தைத்த ஓர் ஒப்பந்தத் தொழிற்சாலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழ்கள் பிடித்துவைக்கப்பட்டிருந்தது ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி வழியாகத்தான் வெளியே வந்தது. அந்தக் கடைசி அத்தியாயத்தில், விபத்தில் இறந்த மூத்த மகனைப் பற்றி நைட் எழுதியிருப்பது உண்மையான துக்கம். மகன்களோடு கூடுதல் நேரம் இருந்திருக்கலாம் என்று வருந்துகிறார். அதைச் சந்தேகிக்க எனக்கு மனமில்லை. அந்த வருத்தம் வீட்டு வாசலைத் தாண்டிப் போயிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

தாண்டிப் போன நூல் தமிழில் இருக்கிறது. அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’. ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் எழுதியது. ஒரு சினிமா கம்பெனி நொடித்துப் போகிறது. அதைச் சினிமா நாவல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், எனக்கு இப்போது அது ஸ்டார்ட்அப் நாவலாகத் தெரிகிறது. முதலாளி ரெட்டியாரின் சிக்கல் சொல்லப்படுகிறது, ஆனால் நாவல் அவரோடு நிற்பதில்லை. தயாரிப்பு நிர்வாகி நடராஜன், அவருக்குக் கீழே இருப்பவர்கள், கம்பெனி போன பிறகு அவர்கள் எங்கெங்கே சிதறுகிறார்கள் என்று நகர்ந்துகொண்டே போகிறது. யார் மேலும் கோபம் இல்லை, யாருக்கும் கண்ணீரும் இல்லை. மலேசியத் தமிழில் தோட்டத்தையும் அதன் இழப்பையும் நிறைய எழுதியிருக்கிறோம். கிள்ளானில் கடன் வாங்கிக் கடை போட்டு மூடியவரையும் அவரிடம் வேலை பார்த்துச் சம்பளம் வராமல் நின்றவரையும் நான் வாசித்த கதைகளில் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

‘ஷூ டாக்’கை மறுபடி வாசிப்பேனா தெரியாது. ஜான்சன் எழுதிய கடிதங்கள் ஒருநாள் தனித் தொகுப்பாக வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.