முடிவு தெரிந்த மர்மம்: ட்யூடர் அரண்மனை நாவலை ரசிப்பது எப்படி?

எட்டாம் ஹென்றியின் ஆறாவது மனைவி கேத்தரின் பார் தலை தப்பினார். கணவர் இறந்த பிறகும் உயிரோடு இருந்தார். வரலாறு படித்த எல்லோருக்கும் தெரிந்த சேதி இது. அப்படியிருக்க, அந்த ராணியின் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி ஒரு தலையணை சைஸ் நாவலை நீட்டினால் எதற்குப் படிக்க வேண்டும்?

சி. ஜே. சான்ஸம் எழுதிய ‘லமென்டேஷன்’ (2014) அப்படிப்பட்ட நாவல். 1546-ஆம் ஆண்டுக் கோடை. ராணி ரகசியமாக எழுதிய, சீர்திருத்தச் சாயல் கொண்ட சமய நூலின் கையெழுத்துப் பிரதி, வைட்ஹால் அரண்மனையில் பூட்டிய பெட்டியிலிருந்து காணாமல் போகிறது. கொலையுண்டு கிடக்கும் லண்டன் அச்சகக்காரர் ஒருவரின் கையில் அதன் ஒரே ஒரு தாள் சிக்குகிறது. கூன்முதுகு வக்கீல் மேத்யூ ஷார்ட்லேக்கிடம் விசாரணை வருகிறது.

கொன்றவர் யார் என்று மட்டும் பக்கங்களைப் புரட்டினால் பாதி சுவை போய்விடும். யாரிடம் கேள்வி கேட்கலாம், கண்டுபிடித்த உண்மையை யாரிடம் சொல்லலாம் என்பதில்தான் இந்த வகை நாவலின் பதற்றம் இருக்கிறது. அதைப் பிடிக்கச் சில வழிகள்:

பயத்தின் கணக்கு

ஹென்றி 1534-இல் போப்பை உதறிவிட்டு, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவரானார். ஆனால் பழைய வழிபாட்டின் சாரத்தை விடவில்லை. திருப்பலி அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பதை மறுத்தால் தீயில் எரிப்பார்கள் என்று 1539-இல் சட்டம் வந்தது. போப்பை ஆதரித்தால் ராஜத் துரோகம். சீர்திருத்தத்தில் ஓரடி கூடுதலாக வைத்தால் மத விரோதம். 1540 ஜூலை 30 அன்று ஸ்மித்ஃபீல்டில் போப்பின் ஆதரவாளர்கள் மூவரைத் தூக்கிலிட்டு உடலைக் கூறுபோட்டார்கள். அதே நாளில், அதே இடத்தில் சீர்திருத்தவாதிகள் மூவரை எரித்தார்கள்.

நாவலின் தொடக்கத்தில் வரும் சீர்திருத்தவாதி ஆன் ஆஸ்க்யூவும் நிஜப் பெண்தான். லண்டன் டவரில் அவரை உடலை இழுக்கும் சித்திரவதைப் பொறியில் பூட்டினார்கள். ராணியைச் சுற்றியிருந்த சீமாட்டிகளின் பெயர்களைக் கறப்பதுதான் நோக்கம். நிற்க முடியாத நிலையில் அவரை நாற்காலியில் தூக்கி வந்து 1546 ஜூலை 16 அன்று எரித்தார்கள். இந்தக் காட்சியை அவசரமாகத் தாண்டாதீர்கள். காணாமல் போன புத்தகம் தவறான கையில் கிடைத்தால் ராணிக்கு என்ன நேரும் என்பதற்கு அதுவே விடை.

கதவுகளைப் பாருங்கள்

வழக்கமான துப்பறிவாளர் யார் வீட்டுக் கதவையும் தட்டுவார். அரண்மனையில் அது நடக்காது. காவலர் கூடம், அதைத் தாண்டி அரசவைக் கூடம், அதற்கும் உள்ளே அந்தரங்க அறைகள் என்று அடுக்கடுக்காகப் போகும். எந்த வாசல் வரை போக முடிகிறது என்பதை வைத்தே ஒருவரின் செல்வாக்கை அளந்துவிடலாம். அதனால் ஒரு பாத்திரம் வரும்போது, அவர் எந்த அறையில் நிற்கிறார், யாருடைய சின்னத்தை அணிந்திருக்கிறார் என்று பாருங்கள். பிரபுக்களுக்குத் தெரியாத சங்கதி காவலாளிக்கும் பணிப்பெண்ணுக்கும் தெரிந்திருக்கும்.

ஷார்ட்லேக் அங்கே நேராக விசாரிக்கவும் முடியாது. ராணியின் மோதிரம் ஒன்று களவு போனதாக ஒரு பொய்க்காரணத்தை வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்கிறார். ஆகவே அவருடைய ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படியுங்கள்: மோதிரத்தைப் பற்றி என்ன கேட்கிறார், அதன் மறைவில் புத்தகத்தைப் பற்றி என்ன தேடுகிறார்?

நிஜம் எது, கற்பனை எது

புத்தகத் திருட்டும் அச்சகக்காரரின் கொலையும் கற்பனை. ராணி எழுதிய ‘ஒரு பாவியின் புலம்பல்’ நிஜ நூல். ஹென்றி 1547 ஜனவரியில் இறந்த பிறகு, அதே ஆண்டு நவம்பரில் அச்சானது. நாவலில் வரும் ரிச்சர்ட் ரிச், வில்லியம் செசில் போன்றவர்களும் வரலாற்று மனிதர்களே. சான்ஸம் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர், வக்கீலாகவும் இருந்தவர். நூலின் முடிவில் அவர் தரும் வரலாற்றுக் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். முன்கூட்டிப் பார்த்தால் கதை கசிந்துவிடும்.

படிக்கும் முன் இணையத்தில் ஓர் ஓவியத்தைப் பாருங்கள். 1545 வாக்கில் வரைந்த ஹென்றியின் குடும்பப் படம் அது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இருக்கிறது. அரசர் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் கேத்தரின் அல்ல, 1537-இலேயே இறந்துபோன ஜேன் சீமோர். ஆண் வாரிசைப் பெற்றுத் தந்தவர் அவர்தான். உயிரோடிருந்த ராணிக்கு அந்தக் குடும்பப் படத்தில் இடமில்லை.

கிளைக்கதையைத் தள்ளாதீர்கள்

நடுவில் ஒரு சிவில் வழக்கு வருகிறது. அம்மா விட்டுப்போன வீட்டின் சுவரோவியம் யாருக்கு என்று ஒரு சகோதரியும் சகோதரரும் கோர்ட்டில் மோதுகிறார்கள். சகோதரி பழைய மதப் பக்கம், சகோதரர் புதிய பக்கம். பலரும் தாண்டிவிடும் பகுதி இது. அரண்மனையில் கொலையாக வெடிக்கும் பகை ஒரு வீட்டுக் கூடத்தில் எப்படி இருக்கும் என்பதை இங்கேதான் பார்க்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது

ஏழு நாவல்கள் கொண்ட வரிசையில் இது ஆறாவது. தனியாகப் படித்தாலும் புரியும். நேரமிருந்தால் 2003-இல் வந்த ‘டிஸ்ஸொல்யூஷ’னில் ஆரம்பியுங்கள், ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்காக உழைக்கும் பழைய ஷார்ட்லேக் அதில் இருக்கிறார். அடுத்து ‘சாவரின்’ (2006): ஊரே பார்க்க ஹென்றி ஷார்ட்லேக்கின் கூனைக் கேலி செய்கிறார். அந்த அவமானத்தை அறிந்து ‘லமென்டேஷ’னுக்கு வந்தால், அந்த மனிதர் வைட்ஹால் வாசலில் மறுபடி ஏன் நடுங்குகிறார் என்பதும், நடுங்கியும் ஏன் உள்ளே போகிறார் என்பதும் விளங்கும்.