கோயில் தங்கலும் மனச்சிதைவும்: ஓர் ஆய்வின் மறுவாசிப்பு

தமிழ்நாட்டு மனநல மருத்துவம் பற்றிப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் கட்டுரை ஒன்று 2002 சூலையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் எழுதியது. தென்னாட்டுக் கிராமம் ஒன்றில் உள்ள முத்துசாமி கோயிலுக்கு 2000 சூன் முதல் ஆகஸ்டு வரை வந்து தங்கிய 31 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். சராசரியாக ஆறு வாரம் தங்கினர். மனநல மருந்து எதுவும் தரப்படவில்லை. நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் வந்த நாளில் சராசரி 52.9 ஆக இருந்தது, கிளம்பும்போது 42.9 ஆகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 20 விழுக்காடு. பல மருந்துகள் தரும் பலனுக்கு இது நிகர் என்று கட்டுரை கூறியது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இந்தச் செய்தி யாருக்கும் வியப்பளிக்காது. பிள்ளை ஒரு மாதிரியாக இருக்கிறான் என்றால் முதலில் கோடாங்கியிடம் குறி கேட்பார்கள். பிறகு கோயில் அல்லது தர்கா. ஆஸ்பத்திரி அதற்கும் அப்புறம்தான். அதனால்தான் இந்த ஆய்வைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. பக்தர்கள் இதைச் சாமியின் சக்திக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். பகுத்தறிவாளர்கள் இதை மூடநம்பிக்கைக்குத் துணைபோவது என்று ஒதுக்குகிறார்கள். இரண்டுமே கட்டுரை சொல்லாதவை. அந்தக் கோயிலில் பேயோட்டும் சடங்கு ஏதும் முதன்மையாக இல்லை. துணைக்கு வீட்டார் ஒருவர் கூடவே இருந்தார். நோயாளி கோயிலைக் கூட்டினார், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே குணத்துக்குக் காரணமாகலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் கருத்து.

குறைகளும் சிறியவை அல்ல. ஒப்பீட்டுக் குழு இல்லை. குடும்பத்தார் நோயாளியைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்தில் அளந்ததை ஆறு வாரம் கழித்து மீண்டும் அளந்தால், எங்கே தங்கியிருந்தாலும் ஓரளவு இறங்கித்தான் இருக்கும். அளவீடு வந்த நாளிலும் கிளம்பிய நாளிலும் நடந்தது. மனச்சிதைவோ ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் தலைதூக்கும் நோய். ஆறு வாரக் கணக்கைக் கொண்டு மருந்தோடு ஒப்பிட்டது, என் கருத்தில், கட்டுரையின் மிகப் பலவீனமான வரி. அதிகமாக மேற்கோள் காட்டப்படுவதும் அதே வரிதான்.

தரவு திரட்டியது 2000-இல், அச்சானது 2002-இல். இடையில், 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், ஏர்வாடித் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 1985-இல் மாவட்டம் பிரியும்வரை ஏர்வாடியும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம்தான். ஏர்வாடிக்கு ஆள் கொண்டுபோய் விடுவது இந்தக் கரிசல் ஊர்களுக்குப் புதிதல்ல. முத்துசாமி கோயிலில் உறவினர் கூடவே தங்கினார். ஏர்வாடியில் உறவினர் பணம் கட்டிவிட்டு ஊர் திரும்பினார். வழிபாட்டிடம் என்ற பொதுப்பெயரின் கீழ் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுவது தவறு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

நோயறிதல் ஆய்வு எங்கே நிற்கிறது? 2022-இல் நேச்சர் இதழில் வந்த பெரும் மரபணு ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புடைய 287 மரபணு இடங்களைக் காட்டியது. இருந்தும் இன்றுவரை இந்நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ கிடையாது. மருத்துவர் கேட்டும் பார்த்தும்தான் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், அதிலிருந்து கணிக்கும் அபாய மதிப்பெண் நம்மவர்க்கு அப்படியே பொருந்தாது. கேட்டறிவதிலும் சூழல் முக்கியம். திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் 1896-இல் வீட்டை விட்டுப் போய்த் திருவண்ணாமலையில் பேச்சின்றி, உடல் நினைவின்றி அமர்ந்திருந்தார். அறிகுறிப் பட்டியலை மட்டும் கையில் வைத்திருப்பவர் அங்கே ஒரு நோயாளியைத்தான் கண்டிருப்பார். ஊர் கண்டது ரமணரை.

இதற்கு ஆய்வு முறையிலேயே ஒரு விடை உண்டு. டி. எம். லூர்மானும் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தாரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, கானா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் தலா 20 பேரிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி விசாரித்தார்கள். அமெரிக்கர்கள் வன்முறையான, அந்நியக் குரல்களைச் சொன்னார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டது உறவினர் குரல்: சமை, பெருக்கு, குளி என்று ஏவும் குரல். வழக்கமான படிவம் குரல் கேட்கிறதா, எத்தனை முறை என்றே கேட்கிறது. யார் குரல் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைச் சேர்க்கச் செலவு ஒன்றுமில்லை.

சிகிச்சைப் பக்கம் நம்பத்தக்க சான்று 2014-இல் லான்செட் வெளியிட்ட சோதனை. கோவா, சதாரா, காஞ்சிபுரம் வட்டாரங்களில் 282 பேர். மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடிச் செல்வது ஒரு குழுவுக்கு, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் மறு குழுவுக்கு. பன்னிரண்டு மாதத்தில் முதல் குழுவில் முன்னேற்றம் சற்றுக் கூடுதல். மருத்துவ வசதி குறைந்த கிராமப்புறத் தமிழகத்தில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அங்கே பின்னால் நின்றது 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப். அத்தகைய நிறுவனம் இல்லாத ஊரில் இதே பலன் வருமா என்பதற்கு இந்த ஆய்வு விடையாகாது.

விருதுநகருக்கு 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தொலைவு குறைந்தது; அலைச்சல் குறையவில்லை. மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்குச் சிறந்த மருந்து குளோசபின். அது வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாரந்தோறும் இரத்தம் பார்ப்பது பரவலான நெறி. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கரிமூட்டம் போடும் அம்மா, வர மறுக்கும் மகனை 18 முறை பஸ் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் கூலி போகும். ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இரத்தம் எடுத்து முடிவை மட்டும் விருதுநகருக்கு அனுப்பினால் எத்தனை பேர் பதினெட்டாம் வாரம்வரை நிற்பார்கள் என்பதை, கோயிலில் செய்ததுபோல் 31 பேரை வைத்தே அளந்து பார்க்கலாம், இம்முறை ஒப்பீட்டுக் குழுவோடு.