கைப்பிடிக் குழலும் பித்ரிக் குடமும்

என் பெரியப்பா புதுச்சேரியில் ‘சொல்தா’. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். மாலையில் திண்ணைக்கு வந்து உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புகைக்குழலை எடுப்பார். முழு நீளமும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். கிண்ணத்துக்குள் என் சுண்டுவிரல் போகும், கட்டைவிரல் போகாது. காம்பில் ‘சேன்-க்ளோத்’ என்று ஊர்ப் பெயர் பொறித்திருக்கும். இரண்டு சிட்டிகைப் புகையிலை வைத்தால் அரைமணி நேரம். அது முடிந்ததும் குழலைத் தட்டித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். மறுபடி நிரப்பி நான் பார்த்ததில்லை.

அந்தக் குழல் இன்று ஹைதராபாத் சனத்நகரில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான் புகைப்பவன் அல்ல. இங்கே தொழிற்பேட்டையில் முப்பது வருடம் துத்தநாகம் உருக்கி டை-காஸ்டிங் செய்து பிழைத்தவன். வார்ப்புக்காரன் கண்ணோடு அந்தக் குழலைப் பார்த்துப் பழகியதால்தான் பித்ரி எனப்படும், பீதரின் வெள்ளி பதித்த கறுப்பு உலோக வேலையில் செய்த ஹுக்காவின் அருமையும் எனக்குப் புரிந்தது. அந்த இரண்டு மரபுகளையும், அவற்றின் தரத்தை எப்படிப் பார்ப்பது என்பதையும் இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

பிரெஞ்சுக் குழலின் மூன்று வழிகள்

முதல் வழி களிமண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் வடக்கே சேன்-ஓமெர், ழிவே ஆகிய ஊர்களில் களிமண் குழல்கள் பெருமளவில் தயாராயின. ழிவேயின் காம்பியே நிறுவனம் முகங்களும் தலைகளும் கொண்ட கிண்ணங்களுக்குப் பேர்போனது. கூலி வேலைக்காரர்கள் காம்பு குட்டையான களிமண் குழலை வைத்திருந்தார்கள். வாயில் கடித்தபடியே இரண்டு கையாலும் வேலை செய்யலாம். ஆனால் நெருப்பு உதட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால் அதற்கு ‘ப்ரூல்-கேல்’ என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் ‘வாய்சுடி’.

இரண்டாவது, சேன்-க்ளோத்தின் வேர்மரம். ழூரா மலைப்பகுதியில் உள்ள இந்த ஊர் குழலுக்கு முன்பே கடைசல் வேலைக்குப் பெயர் எடுத்தது. ஜெபமாலை மணியும் மரச்சாமானும் கடைந்த கைகள் அங்கே இருந்தன. 1850களில் பிரையர் என்ற புதர்ச்செடியின் வேர்முண்டு அவர்கள் கைக்கு வந்தது. மத்தியதரைக் கடலோரத்தில் விளையும் இந்த முண்டு நெருப்பைத் தாங்கும், எளிதில் கருகாது. தோண்டி எடுத்து, கட்டைகளாக அறுத்து, மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்திய பிறகே கடைசலுக்குப் போகும். அந்த ஊரின் குழல் வினைஞர்கள் 1966இல் தங்களுக்கென்று ஒரு குழாமும் அமைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது ரோப் குடும்பத்தாரின் செர்ரிமரக் குழல். பட்டையை உரிக்காமல், கிளையைக் கிளையாகவே விட்டுக் குடைந்தது. விலை குறைவு, கிராமத்து அழகு.

மூன்றிலும் சின்னக் குழலுக்குத் தனிச் சோதனை உண்டு. பெரிய கிண்ணத்தில் துளை ஒரு நூல் விலகினாலும் சமாளித்துவிடலாம். சின்னக் கிண்ணத்தில் புகை இழுக்கும் துளை அடித்தளத்தின் நட்டநடுவில் வந்து சேராவிட்டால் பாதிப் புகையிலை ஈரமாகி அணைந்துபோகும். சுவர் மெலிந்தால் கை சுடும். தடித்தால் குழல் கனத்துப் பல் வலிக்கும். காம்பும் வாய்முனையும் சேரும் இடத்தில் நகம் தட்டக்கூடாது. பெரியப்பாவின் குழலில் என் நகத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இணைப்பு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. சின்னப் பொருளில் குறையை ஒளித்துவைக்க இடம் கிடையாது. சின்னக் குழலின் கவர்ச்சி எனக்கு இதில்தான் இருக்கிறது.

தக்காணத்தின் விடை

புகையிலை வடக்கே போனதே தக்காணத்தின் வழியாகத்தான். பீஜப்பூருக்குத் தூது போன அசத் பேக், 1604 வாக்கில் திரும்பும்போது புகையிலையும் அலங்காரக் குழலும் கொண்டுபோய் அக்பர் முன்னால் வைத்தார். 1617இல் ஜஹாங்கீர் புகையிலைக்குத் தடை போட்டார், பழக்கம் நிற்கவில்லை.

பிரெஞ்சுக்காரனின் ‘வாய்சுடி’ தீர்க்காத சூட்டை இங்கே தண்ணீர் தீர்த்தது. ஹுக்காவின் ‘சிலம்’ என்ற மேல்கிண்ணத்தில் எரியும் புகையிலையின் புகை நீர்க்குடத்துக்குள் இறங்கி, குளிர்ந்து, குழாய் வழியே வாய்க்கு வரும். தரையில் வைப்பது ஃபர்ஷி. கையில் பிடிப்பது தேங்காய் வடிவச் சிறு குடம், நாரியல் என்பார்கள். ஆரம்பத்தில் உண்மையான தேங்காய்ச் சிரட்டைதான் குடம். வடமொழியின் நாரிகேளம் பாரசீகத்தில் நார்கில் ஆகி, அங்கிருந்து நகர்ந்து, பிரெஞ்சுக்காரர் இன்று ஹுக்காவைக் குறிக்கச் சொல்லும் ‘நார்கிலே’ ஆனது. நம் கரையோரத்துத் தேங்காய் அவர்கள் அகராதியில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தேங்காயை உலோகத்தில் எடுத்துக் காட்டியவர்கள் பீதர் கைவினைஞர்கள். பீதர் 1948 வரை நிஜாம் ஆட்சிப் பகுதி. சனத்நகரை ஒட்டிப் போகும் பம்பாய் ரோட்டைப் பிடித்துப் பட்டான்செரு, சங்காரெட்டி தாண்டி, ஜஹீராபாத்தில் திரும்பினால் போய்விடலாம். சுமார் 140 கிலோமீட்டர். பித்ரியின் உடம்பு பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சம் செம்பு; பதினாறுக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு. எங்கள் பட்டறையில் துத்தநாகத்தோடு அலுமினியம் சேர்த்து, எஃகு அச்சில் அழுத்தி அடிப்போம். அவர்கள் மண் அச்சில் ஊற்றி, அரத்தால் ராவி வழவழப்பாக்குகிறார்கள்.

ஒருமுறை பீதரில் ஒரு சின்னப் பட்டறையில் அரைநாள் உட்கார்ந்து பார்த்தேன். ராவிய குடத்தில் மயில்துத்தக் கரைசலைத் தேய்த்ததும் கறுத்தது. அந்தக் கறுப்பின் மேல் முதியவர் ஒருவர் அளவுகோல் இல்லாமல், கூரான கம்பியால் கொடியை இழுத்துக்கொண்டே போனார். பிறகு உளியால் பள்ளம் வெட்டி, வெள்ளிக் கம்பியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கினார். மெருகு போட்டதும் தற்காலிகக் கறுப்பு போய்விட்டது. வெள்ளியும் துத்தநாகமும் ஒரே சாம்பல் நிறம். போட்ட பூவே தெரியவில்லை. ‘இவ்வளவு உழைப்பும் வீணா?’ என்று எனக்குப் பதைத்தது. அவர் பீதர் கோட்டையின் பழைய மண்ணை விரல்நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். தலையசைத்து, அதில் நவச்சாரம் கலந்து குழைத்து, சூடேற்றிய குடத்தின் மேல் தேய்த்தார். துத்தநாகம் அட்டைக் கறுப்பாக மாற, வெள்ளி மட்டும் அப்படியே எழுந்து நின்றது. முப்பது வருடத் துத்தநாக வேலையில் நான் பார்க்காத காட்சி அது.

பாணிகளும் தரமும்

பித்ரியில் வேலைப்பாட்டை வைத்துப் பாணி பிரிப்பார்கள். வெள்ளிக் கம்பி பதித்தால் தார்கஷி. தகடு வெட்டிப் பதித்தால் தெஹ்நிஷான். பதிப்பு சற்றே புடைத்தால் ஜர்நிஷான், நன்றாகப் புடைத்து நின்றால் ஜர்புலந்த். வெள்ளித் தகட்டையே போர்த்தி, பூவை வெட்டி எடுத்துக் கறுப்பைப் பூவாகக் காட்டினால் அஃப்தாபி. ஊரை வைத்தும் பிரிக்கலாம். பீதர், ஹைதராபாத் வேலையில் கசகசாப் பூவும், காசு போன்ற அஷ்ரஃபிப் பூவும், கொடியும் அதிகம். லக்னோ வேலையில் புடைப்பும், அவத் அரசின் மீன் சின்னமும். பீகாரின் பூர்ணியாவிலும் வங்காளத்தின் முர்ஷிதாபாத்திலும் இந்தக் கலை கிளைவிட்டது. வடிவத்திலும் வளர்ச்சி உண்டு: பதினேழாம் நூற்றாண்டில் உருண்டைக் குடம், சாயாமல் நிற்க அடியில் வளையம் வேண்டும், பதினெட்டாம் நூற்றாண்டில் மணி வடிவக் குடம், தானே நிற்கும். 1851 லண்டன் பெருங்கண்காட்சிக்குப் போனபோது பித்ரி உலகத்தின் கண்ணுக்கும் தெரிந்தது.

நல்ல குடத்துக்கு என் அளவுகோல் நான்கு. கறுப்பு ஒரே சீராக, பழுப்புத் திட்டு இல்லாமல் இருக்கவேண்டும். கம்பி வளைவில் உடையாமல், ஒரே கோடாக ஓடவேண்டும். கண்ணை மூடி விரலை ஓட்டினால் தார்கஷியில் வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. கழுத்து குறுகும் இடத்தில் பூ நசுங்காமல், அளவில் மட்டும் சிறுத்து வரவேண்டும். நான்காவதுதான் கடினம். கைக்குள் அடங்கும் நாரியல் குடத்தில் அதைச் சாதித்தவனே முதல்தரக் கைவினைஞன். சேன்-க்ளோத்தின் நட்டநடுத் துளைக்கும் பீதரின் சிறுத்துவரும் பூவுக்கும் சோதனை ஒன்றுதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஹுக்காத் தண்ணீர் புகையைக் குளிர்விக்கும், நஞ்சை எடுத்துவிடாது. சின்னக் கிண்ணமும் அப்படியே. பெரியப்பாவின் கடைசி இரண்டு வருட இருமலைப் பக்கத்திலிருந்து கேட்டவன் நான். 2024 பிப்ரவரியில் தெலங்கானா சட்டமன்றம் ஹுக்காக் கூடங்களைத் தடை செய்தது. அது சரியான முடிவு. புகை போகட்டும், வேலைப்பாடு போகக்கூடாது. பீதரின் ஷா ரஷீத் அஹமது காத்ரிக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது அந்த வேலைப்பாட்டுக்கான மரியாதை.

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது அங்குள்ள பெயர்பெற்ற கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பித்ரிப் பகுதியில் ஹுக்காக் குடங்கள் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வெள்ளிப் பூப் போட்ட கறுப்புப் பூச்சாடி ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். கழுத்து குறுகி, வயிறு உருண்டிருந்தால் அது ஒரு காலத்தில் ஹுக்காக் குடமாக இருந்திருக்கலாம். பித்தளை என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், கறுப்பு போய்விடும். மெல்லிய துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.