பென்சிலில் எழுதிய எண்

லினோகட் படம் வாங்குகிற பலரும் படத்தை முழுசாகப் பார்ப்பதற்கு முன்பே அதன் கீழ் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவிடுகிறார்கள். 7/30 என்று போட்டிருந்தால் மொத்தம் முப்பது பிரதிகள், இது ஏழாவது. விற்கிறவரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்: “இன்னும் நாலு காப்பிதான் இருக்கு, அப்புறம் கிடைக்காது.”

அந்த எண் உண்மையில் ஒரு வாக்குறுதி. இதற்கு மேல் ஒன்றுகூட அடிக்க மாட்டேன் என்று கலைஞர் வாங்குபவருக்குத் தரும் வாக்கு. எச்சிங், லித்தோகிராஃப் எல்லாவற்றிலும் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் லினோகட்டுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

லினோலியம் பிறந்தது தரைவிரிப்பாக. 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் வால்டன் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆளிவிதை எண்ணெயைக் கெட்டிப்படுத்தி, தக்கைத் தூள் கலந்து, சணல் துணியின் மேல் பரப்பினால் லினோலியம் தயார். மரத்தில் இருக்கிற நார் இதில் கிடையாது, அதனால் உளி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடும். வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் மேட்டில் ரோலரால் மை தடவி, மேலே தாளை வைக்க வேண்டும். அச்சுப்பொறி இல்லையா, கரண்டியின் முதுகால் தேய்த்தால் போதும். இவ்வளவு சுலபம் என்பதால் வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஜெக் குழந்தைகளுக்கே இதைக் கற்றுக்கொடுத்தார். ‘பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேலை’ என்ற இளக்காரம் இந்தக் கலையின் மேல் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்ததும் அதனால்தான்.

அந்த இளக்காரத்தைத் துடைக்க முயன்றவர் லண்டன் க்ரோவ்னர் ஸ்கூலில் பாடம் எடுத்த கிளாட் ஃப்ளைட். 1929இல் ரெட்ஃபெர்ன் கேலரியில் பிரிட்டிஷ் லினோகட்டுகளின் முதல் கண்காட்சியை அவர் நடத்தினார். சாதாரண மனிதர் ஒரு பீருக்கோ சினிமா டிக்கெட்டுக்கோ கொடுக்கும் காசில் ஒரு லினோகட் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. சிபில் ஆண்ட்ரூஸ், சிரில் பவர் என்று அவரிடமிருந்து வந்தவர்களின் படங்களில் சுரங்க ரயில் நிலையமும் மோட்டார் பைக் பந்தயமும் சுழன்றுகொண்டு ஓடுகின்றன. நிறத்துக்கு ஒரு பலகை, மெல்லிய தாள், முழுக்கக் கைவேலை. இன்று பார்த்தாலும் கண் ஒரு இடத்தில் நிற்காது.

ஆனால் அந்தப் படங்களின் கீழேயும் எண் இருக்கிறது. பெரும்பாலும் ஐம்பது, அறுபது பிரதிகளோடு முடிந்துவிடும். ஐம்பது பேர் மட்டும் குடிக்கக்கூடிய பீர் எந்த ஊரில் சாதாரண மனிதரின் பீர்? விலையைக் குறைக்க ஆசைப்பட்டவர்கள் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. இன்று அதே படங்கள் ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டுகளுக்குப் போகின்றன. சந்தையை மட்டும் குறை சொல்லிவிட்டு இதைக் கடந்துபோக முடியாது. சந்தைக்கான கதவைப் பென்சிலால் திறந்து வைத்தவர்களே அவர்கள்தான்.

எண்ணுக்கு நியாயமான இடமும் உண்டு. தெற்கு பிரான்ஸின் வல்லோரிஸில் பிக்காசோ 1958இல் க்ரானாக்கைப் பின்பற்றி ஒரு பெண்ணின் படத்தைச் செய்தபோது நிறத்துக்கு ஒரு பலகை செதுக்கினார். எல்லாப் பலகைகளையும் இம்மி பிசகாமல் பொருத்தி அடிப்பது பெரிய தலைவலி. அதன்பின் அவரும் அச்சாளர் இதால்கோ ஆர்னேராவும் ஒரே பலகையில் வேலை செய்யும் முறைக்கு மாறினார்கள். முதலில் வெளிர் நிறத்தை எல்லாத் தாள்களிலும் அடித்துவிட வேண்டும். பிறகு அதே பலகையில் இன்னும் கொஞ்சம் செதுக்கி, அடுத்த நிறத்தை அதன் மேல் அடிக்க வேண்டும். இப்படியே கடைசி நிறம் வரை. படம் முடிகிறபோது பலகையும் முடிந்துவிடுகிறது. இன்னொரு பிரதி வேண்டும் என்று கலைஞரே அழுதாலும் வராது. எத்தனை என்று முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும். இங்கே எண் நடந்ததைச் சொல்கிறது.

ஒரே நிறத்தில், கறுப்பில் அடிக்கும் படத்தில் அப்படி இல்லை. பலகை முழுசாக அலமாரியில் இருக்கிறது. கவனமாகக் கையாண்டால் நூறு பிரதிகளைத் தாண்டியும் தாங்கும். முப்பதோடு நிறுத்துவது பொருளின் குணத்தால் வந்ததல்ல, ஒரு வியாபார முடிவு. முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. அதை ‘அபூர்வம்’ என்று அழைப்பதுதான் உறுத்துகிறது.

எலிசபெத் கேட்லெட்டைப் பாருங்கள். அமெரிக்கக் கறுப்பினப் பெண். 1946இல் மெக்சிகோ போய், 1937 முதல் இயங்கிவந்த ‘மக்கள் அச்சுக்கலைப் பட்டறை’யில் சேர்ந்தார். சுவரொட்டி, துண்டறிக்கை, மலிவான படம் என்று தெருவுக்காக அச்சடித்தவர்கள் அங்கிருந்தவர்கள். அவருடைய ‘குத்தகை விவசாயி’ 1952இல் செதுக்கப்பட்டது. அகன்ற தொப்பி, ஊக்கு குத்தி மூடிய மேல்சட்டை, நம்மைத் தாண்டி எங்கோ பார்க்கிற முகம். கன்னத்திலும் கழுத்திலும் ஓடும் உளிக்கோடுகள் வெயிலும் உழைப்பும் கீறியவை போல இருக்கின்றன. அருங்காட்சியகங்களில் இந்தப் படத்தின் பக்கத்தில் இரண்டு காலங்கள் குறிக்கப்பட்டிருக்கும்: செதுக்கியது 1952, அச்சடித்தது ஏறக்குறைய 1970. இடையில் பதினெட்டு வருஷம். அமெரிக்கா அவரை நாட்டுக்குள் விடாமல் வைத்திருந்த காலமும் இதற்குள் அடங்கும். பலகை காத்திருந்தது, தேவைப்பட்டபோது திரும்பவும் மை தடவிக்கொண்டது. தாமதமாக வந்த பிரதியில் அந்தப் பெண்ணின் கண்ணியம் ஒரு துளி குறைந்துவிட்டதா என்ன?

நம் நாட்டில் லினோகட் என்றதும் நந்தலால் போஸின் ‘பாபுஜி’ நினைவுக்கு வரும். 1930, உப்புச் சத்தியாகிரகக் காலம். கறுப்பு வெளி, அதில் வெள்ளைக் கோடுகளாகக் கையில் தடியோடு நடக்கிற காந்தி. முகத்தில் நுணுக்கம் எதுவும் இல்லை, நடைதான் எல்லாம். லினோவால் எது முடியாதோ அதைக் கேட்காமல், எது முடியுமோ அதை மட்டும் கேட்ட படம். பென்சில் எண்ணைத் தேடாமலே கோடிக்கணக்கானவர்கள் மனதில் அது பதிந்துவிட்டது.

வங்காளத்தின் சித்தப்பிரசாத் இன்னும் ஒரு படி கீழே, தெருவுக்கு இறங்கியவர். 1943 பஞ்சத்தை நேரில் பார்த்து அவர் வரைந்து எழுதிய ‘பசித்த வங்காளம்’ பிரசுரத்தை பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. அது பேனாக் கோட்டோவியம்தான், லினோகட் இல்லை. ஆனால் பிரதி என்பது எதற்கு என்று அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. எரிக்க வருகிறவர்களுக்கு எண்ணிக்கை குறைவாக இருப்பது வசதி. பின்னாளில் பம்பாயில் உழைக்கும் குழந்தைகளை அவர் லினோவில் செதுக்கினார். சிறிய உடம்புகள், பெரிய கண்கள், அவர்களைச் சுற்றி அடர்ந்த கறுப்பு. கேலரி உலகத்தோடு கடைசிவரை அவருக்கு ஒட்டவில்லை, 1978இல் இறந்தார். இப்போது அவருடைய அச்சுகளும் சேகரிப்பாளர்களின் பொருள்.

“அப்ப கலைஞர் எப்படிச் சாப்பிடுவார்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒவ்வொரு பிரதிக்கும் மை தடவி, தாள் வைத்து, தோள் வலிக்கத் தேய்த்து எடுப்பது சாதாரண வேலை இல்லை. அந்த உழைப்புக்கு நல்ல விலை கேட்கட்டும், பேரம் பேசாமல் கொடுப்போம். எண் போடாத பதிப்பாக, கேட்கிறவர்களுக்கு அடித்துத் தரலாம். பத்துப் பேரிடம் பெரிய விலை வாங்குவதற்குப் பதில் நூறு பேரிடம் நடுத்தர விலை வாங்கலாம். அதில் கஷ்டம் அதிகம், பணம் மெதுவாக வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கலைக்கு இருக்கிற ஒரே பெரிய வலிமை அதுதான்.

சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் கறுப்பு எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள், கெட்டியாகவா, உப்புத் தூவியது போலவா. செதுக்கிய இடத்தில் உளி விட்டுவைத்த சிறு மேடுகள் மை வாங்கி நிற்கின்றனவா, அவை படத்துக்கு உதவுகின்றனவா என்று கவனியுங்கள். தாளைத் திருப்பினால் கரண்டி தேய்த்த தடம்கூடத் தெரியலாம். விற்பவரிடம் “பலகை இன்னும் இருக்கா?” என்று கேளுங்கள். இருக்கிறது, திரும்ப அடிப்பேன் என்று அவர் சொன்னால் தயங்காமல் வாங்குங்கள். உங்கள் நண்பருக்கும் ஒன்று கிடைக்கும்.