ஏவலும் ஏதுவும்

ஆடை நாகரிக இதழ்களை ஆராய்ச்சிக்குரியவையாக நம்மவர் எண்ணுவதில்லை. ஆயினும் நம் இல்லத்துப் பெண்மக்கள் ஊன்றிப் படிக்கும் உரைநடை அவற்றிலும் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்து, அண்டை வீட்டார் உடையைக் கண்டு தம் உடையில் ஐயுறும் இளையோர் அவ்வுரைக்கு எளிதில் செவிசாய்ப்பர். எனவே அதன் நடையை ஆராய்தல் நம் கடனாகும்.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த், 1958, 1959 ஆம் ஆண்டுகளின் பிரெஞ்சு நாகரிக இதழ்களை ஆராய்ந்து 1967இல் பெருநூலொன்றை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது ஆடையை அன்று. ஆடையைப் பற்றி எழுதப்பட்ட சொற்களை. சிலர் எடுத்த முடிவை, பருவமழை போலத் தானே நிகழ்ந்ததாகக் காட்டுவதே அச்சொற்களின் தொழில் என்பதை அந்நூல் உணர்த்துகிறது. ‘இப்பருவத்தின் நிறம் நீலம்’ என்று எழுதப்படுமாயின், அந்நிறத்தைத் தேர்ந்தவர் யார் என்னும் வினா எழுவதில்லை. ஏவல் உண்டு, ஏது இல்லை.

தொடக்கந்தொட்டே இவ்வாறு இருந்தது என்பது முறையன்று. 1867இல் நியூயார்க்கில் தோன்றிய ஹார்ப்பர்ஸ் பஸார், துணி வெட்டுவதற்கான அளவுப் படிவங்களையும் இணைப்பாக வழங்கியது. படித்தவள் கத்தரிக்கோலை எடுத்தாள்; அறிவுரை கைத்தொழிலாயிற்று. அதே இதழில் 1936இல் டயானா வ்ரீலண்ட் தொடங்கிய பகுதியோ, பொன்னிறக் கூந்தலுடைய குழந்தையின் தலையை மீந்துபோன ஷாம்பேனால் அலசலாகாதா என்று வினவியது. அறிவுரை செல்வரின் விளையாட்டாயிற்று.

நம் நாட்டிற்கு வருவோம். 2007இல் இந்தியப் பதிப்பைத் தொடங்கிய வோக், 2008 ஆகஸ்டு இதழில் எளியோரை விலையுயர்ந்த பொருள்களுடன் நிறுத்திப் படங்கள் வெளியிட்டது. பல் விழுந்த மூதாட்டி ஏந்திய குழந்தைக்கு ஃபெண்டி நிறுவனத்தின் மார்புத்துணி. விலை ஏறத்தாழ 100 டாலர். வேறொருவர் கையில் ஏறத்தாழ 200 டாலர் விலையுள்ள பர்பரி குடை. பொருள்களின் பெயர் அச்சேறியது. மனிதரின் பெயர் அச்சேறவில்லை. நாகரிகம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று என இதழாசிரியர் மறுமொழி கூறினார். கருத்து நன்றே! ஆனால் உரிமை பெற்றவர்க்குப் பெயரேனும் கிட்டியிருக்க வேண்டாவோ?

அலுவலகச் சுற்றறிக்கையிலும் கீழே ஒரு கையொப்பம் உண்டு. பின்னே ஒரு கோப்பு உண்டு. நாகரிக இதழ்களின் ஆணைகளுக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை. அவற்றை வீட்டில் தடுப்பதால் பயனில்லை. சொன்னவர் யார், காரணம் என்ன, படித்தபின் நம் கையில் தங்கும் திறன் யாது என்னும் மூன்று வினாக்களை நம் மக்களுக்குக் கற்பிப்போமாக. அப்பொழுது அப்பளபளப்பான தாளும் பாடநூலாகும்.