பூதவாதியின் பக்கம்

சில ஆண்டுகளாகக் கருத்தரங்க மேடைகளிலும் இலக்கிய இதழ்களிலும் ஒரு கூற்று அலுக்காமல் வந்துகொண்டிருக்கிறது. தமிழ் மனம் இயல்பிலேயே இன்பத்தைக் கொண்டாடும் மனம். நிலையாமையும் துறவும் மரண நினைப்பும் சமண பௌத்தங்களோடு வடக்கிலிருந்து வந்து இறங்கியவை. சங்கப் பாட்டு அவற்றுக்கு முந்தைய தெளிந்த காலத்தின் குரல். கேட்க இனிமையான கதைதான். நூல்களைத் திறந்து வைத்துக்கொண்டால் நிற்காது. அது நிற்கவில்லை என்பதைவிட, அதனால் எது மறைந்துபோகிறது என்பதுதான் என் கவலை. இன்பமா, மரணமா என்று கட்சி கட்டிக்கொண்டதில், ‘உனக்கு அது எப்படித் தெரியும்?’ என்ற கேள்வியை நடுவில் நிறுத்திய தமிழ் வாதநூல்கள் நம் கண்ணிலேயே படாமல் போய்விட்டன.

முதலில் சங்கம். தொல்காப்பியர் உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. அதே தொல்காப்பியர்தான் உலகத்தின் நிலையாமையைக் காஞ்சித் திணைக்குப் பொருளாக வைத்தவர். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையையும் இன்னொரு வீட்டில் மணமுழவையும் ஒரே நேரத்தில் கேட்கிறார். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று ஏசிவிட்டு, உலகின் இயல்பை அறிந்தவர்கள் அதில் இனியதைக் காணட்டும் என்கிறார். மதுரைக்காஞ்சி இன்னும் வெளிப்படை. பத்துப்பாட்டில் மிக நீண்டது அது, 782 அடி. தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடியது. முன்னே ஆண்ட மன்னர்கள் மாண்டொழிந்ததைச் சொல்லி, கூடல் நகரின் பகலையும் இரவையும் கடைவீதி, விழா, பரத்தையர் தெரு என்று நடந்து காட்டி, கடைசியில் அரசனிடம் கேட்டுக்கொள்வது என்ன? பொற்கலத்தில் மகளிர் தரும் மதுவை நாள்தோறும் அருந்தி மகிழ்ந்து இரு என்பதை. சாவை நேராகப் பார்த்தவனுக்குத்தான் இன்பம் என்கிற இந்தப் பாட்டைக் கூறுபோட்டு, பாதியைத் தமிழ் என்றும் பாதியை இறக்குமதி என்றும் எழுதுவது வாசிப்பே அல்ல. அதோடு ‘முந்தைய காலம்’ என்ற கணக்கும் தவறு. மாங்குளம் குகைகளில் சமண முனிவர்களுக்குப் பாழி வெட்டித் தந்த தமிழி கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைக்கிறார். கணி நந்தன் என்ற துறவியின் பெயரும் நெடுஞ்செழியன் என்ற பெயரும் அங்கே ஒரே பாறையில் இருக்கின்றன.

குறளை வேகமாகக் கடக்கலாம். நிலையாமைக்கும் மெய்யுணர்தலுக்கும் அதிகாரம் வகுத்த கையே 25 அதிகாரங்களைக் காமத்துக்கு ஒதுக்கியது. வீட்டுக்குத் தனிப் பால் வைக்கவில்லை. சிலம்பையும் விடுகிறேன். நான் நின்று பேச விரும்பும் இடம் மணிமேகலையின் 27ஆம் காதை. கதை நகராத காதை என்று வகுப்பறைகளில் தாண்டிப்போகும் இடம் அது. உ.வே.சா. 1898இல் இந்நூலை அச்சிட்டபோது, இந்தப் பகுதிகளின் பொருள் தெளிய, பௌத்தம் கற்ற ரங்காசாரியாரிடம் பாடம் கேட்பதுபோல் கேட்டறிந்தார். அந்த உழைப்புக்குத் தமிழ்த்துறைகள் இன்றுவரை நன்றிக்கடன் தீர்க்கவில்லை.

வஞ்சி மாநகரில் தவமுனிவன் வடிவில் மாறுவேடம் பூண்ட மணிமேகலை என்ற இளம்பெண் சமயவாதிகளிடம் ஒவ்வொருவராகச் சென்று ‘உன் திறம் என்ன?’ என்று கேட்கிறாள். முதலில் பேசுபவன் கடவுளைப் பற்றித் தொடங்குவதில்லை. அளவைவாதி அவன். காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று அறியும் வழிகள் பத்தை அடுக்கி, அறிதல் பிழைபடும் வகைகள் எட்டையும் சொல்கிறான். திரியக் கோடல், ஐயம், தேராது தெளிதல், நினைப்பு என்று போகும் அந்தப் பட்டியல் இன்றைய செய்தித்தாள் வாசகனுக்கும் உதவும். அதன் பிறகே சைவவாதியும் பிரமவாதியும் வைணவவாதியும் வேதவாதியும் ஆசீவகனும் நிகண்டனும் சாங்கியனும் வைசேடிகனும் வருகிறார்கள். இந்த வரிசையைக் காப்பிய ஆசிரியர் சாத்தனார் யோசித்துத்தான் அமைத்திருக்கிறார்.

கடைசியில் பூதவாதி. ஆத்திப் பூவும் கருப்புக்கட்டியும் கூட்டினால் மது பிறப்பதுபோல பூதங்கள் கூடுமிடத்தில் உணர்வு பிறக்கிறது என்கிறான். பறையின் ஓசை போல அது பிரிந்து ஒழியும். காட்சி ஒன்றே அளவை. இந்தப் பிறப்பும் இதன் பயனும் இம்மையோடு சரி. மணிமேகலை நகைத்துவிட்டு, முற்பிறப்பை அறிந்தவர் உண்டோ என்கிறாள். அவளுக்குத் தன் முற்பிறப்பு தெரியும். தெய்வ மயக்கிலும் கனவிலும் மனம் திரிந்தவர்கள் சொல்வது அது, ஐயமே ஒழிய வேறில்லை என்று அவன் தயங்காமல் மறுக்கிறான். உடனே அவள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

இந்த ஒரு கேள்விக்காக அந்தக் காப்பியம் முழுவதையும் படிக்கலாம். மரணத்துக்குப் பின் என்ன என்ற விவாதம் எப்படி அறிகிறோம் என்பதற்குத் திரும்பிவிட்டது. அதுவும் எதிராளி தினமும் நம்பி வாழும் ஓர் உறவை வைத்து. பூதவாதிக்கு மறுமொழி சொல்ல இடம் தரப்படவில்லை என்பது என் மனக்குறை. அனுமானம் கண்ணுக்கு எட்டும் உலகத்துக்குள் செல்லும், மறுபிறப்பு வரை நீட்ட முடியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி நேர்மையானது. 29ஆம் காதையில் மணிமேகலையின் பௌத்த ஆசான் அறவண அடிகள் காட்சி, கருத்து என்ற இரண்டு அளவைகளை மட்டும் ஏற்று, சத்தம் அநித்தியம், பண்ணப்படுதலால், குடம்போல என்று ஏதுக்களையும் ஏதுப் போலிகளையும் வகுத்துச் சொல்கிறார். பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகரின் மரபில் வந்த தருக்கம் தமிழ்ச் செய்யுளில் இத்தனை விரிவாக வேறெங்கும் இல்லை.

இந்த மரபின் அடுத்த நூல்கள் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டே ஒன்றையொன்று காப்பாற்றின. பௌத்த நூலான குண்டலகேசி அழிந்துவிட்டது. கைக்குக் கிடைப்பவை சில பாடல்களே. அவற்றில் ஒன்று, கருவாய் இருந்த நிலை இறந்தது, குழந்தை இறந்தது, காளைப் பருவம் இறந்தது, நாள்தோறும் இறந்துகொண்டே வந்திருக்கிறோம், நமக்காக நாம் ஏன் அழவில்லை என்று கேட்கிறது. மரணத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் இத்தனை கண்ணீரற்ற, இத்தனை கூர்மையான வாதம் எனக்குத் தெரிந்து வேறில்லை. குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. பழையனூரிலிருந்து முனிவரைக் கெடுக்க வந்த பேய் அவருக்கே மாணவியாகி, குண்டலகேசி, அர்க்கசந்திரன், மொக்கலன், புத்தன், ஆசீவகன் என்று ஒவ்வொருவரோடும் வாதாடி, கடைசியில் பூதவாதியை வந்தடைகிறாள். சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் இதைப் பதிப்பித்தார். இலக்கிய வரலாறுகள் ஐஞ்சிறு காப்பியம் என்று ஒரு பத்தி ஒதுக்கி, கதைச்சுவை குறைவு என்று முடித்துவிடுகின்றன. கதைக்காக எழுதப்படாத நூலில் கதைச்சுவை தேடியவர்களின் தீர்ப்பு அது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில் முதலில் எதிர்கொள்வதும் பூதவாதியின் இனத்தவனான உலகாயதனைத்தான். மறுப்பதற்கு முன்னால் எதிர்தரப்பை அதன் முழு வலிவோடு எடுத்துவைக்கிறார். காணாததை நம்பாதே, இம்மை இன்பத்தை விடாதே என்ற குரலின் தமிழ் வடிவம் இன்று நமக்குக் கிடைத்திருப்பது பெரிதும் இப்படி எதிரிகளின் ஏடுகளில்தான்.

பிறகு சரிவு. பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடல்கள் மரணத்தைச் சுடலைக் காட்சியாகவும் இன்பத்தைப் பெண்ணுடலின் மீதான அருவருப்பாகவும் சுருக்கின. பாட்டின் வேகம் பெரிது. வாதம் அதில் இல்லை. மறுத்துப் பேச ஒருவர் எதிரே நிற்கவில்லை என்றால் நிலையாமையும் வெறும் புலம்பலாகிவிடும். 1785இல் மறைந்த சிவஞான முனிவரின் மாபாடியம் ஒன்றுதான் பழைய தருக்க உரையாடலை உரைநடையில் உயிரோடு வைத்தது.

அச்சு வந்த பிறகு பூதவாதி தன் சொந்தப் பக்கத்தைப் பெற்றான். சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய ‘தத்துவவிவேசினி’, பெரியாருக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கடவுளுக்கும் மறுமைக்கும் சான்று கேட்டது. வீ. அரசு அதைத் தொகுத்துத் தந்தும், நம் சிந்தனை வரலாறுகளில் அது அடிக்குறிப்பாகவே கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் மௌனியும் புதுமைப்பித்தனும் சாவையும் அர்த்தத்தையும் கதைக்குள் கொண்டுபோனார்கள். வாதமாக எடுத்தவர் புங்குடுதீவின் மு. தளையசிங்கம். மார்க்சியர்களின் பொருள்முதல்வாதத்தைப் பெயர் சொல்லி, படிப்படியாக எதிர்கொண்டு, ‘போர்ப்பறை’யையும் ‘மெய்யுள்’ நூலையும் எழுதி, 38 வயதில் 1973இல் மறைந்தார். அவருடைய முடிவுகளில் பலவற்றை நான் ஏற்கவில்லை. நீலகேசியின் வழித்தோன்றல் அவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்றைய தமிழ்த் தத்துவ எழுத்தில் இந்தப் பழக்கம் அற்றுப்போய்விட்டது. எதிர்தரப்பை அதன் சொற்களில் ஒரு பக்கம்கூட எடுத்துச் சொல்லாமல் பெருமிதமும் வசையும் எழுதப்படுகின்றன. எனவே பதிப்பாளர்களுக்கும் தமிழ்த்துறைகளுக்கும் என் வேண்டுகோள்கள் இவை: நீலகேசிக்கு எளிய உரைநடையுடன் மலிவுப் பதிப்பு ஒன்று வரட்டும். மணிமேகலையின் 27, 29ஆம் காதைகளைப் பாடத்திட்டத்தில் தாண்டாமல் நடத்துங்கள். பரபக்கத்தை மடங்களுக்கு வெளியேயும் படியுங்கள். தமிழ் மனம் இன்பத்தைச் சேர்ந்ததா மரணத்தைச் சேர்ந்ததா என்று மேடையில் தீர்ப்புச் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.